இரும்பு செரியில்லைங்க

என் அம்மாவின் பெரியப்பா மகன் ஒருவர் எங்கள் தோட்டத்தில் பதினோரு வருஷம் இருந்தார். பதினைந்து நாள் இருப்பதாகச் சொல்லி வந்தவர். எனக்கு மாமா முறை. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் சேந்தமங்கலம் வட்டாரத்தில் இன்னமும் நாலு வீட்டில் சிரிப்பார்கள், இரண்டு வீட்டில் கையில் கிடைத்ததை எடுப்பார்கள். சிரிக்கிற வீடுகளில், அவர் ரிப்பேருக்கு வாங்கிப் போன சாமான் திரும்பி வந்திருக்கும். மற்ற இரண்டு வீட்டில் வந்திருக்காது.

எங்கள் பக்கம் வெல்டிங் செய்வதைப் பத்தவைப்பது என்போம். அடுப்பு மூட்டுவதற்கும் அதே வார்த்தைதான். இரும்போடு இரும்பு சேர்ந்த இடத்துக்குப் பத்து என்று பெயர். மாமா எத்தனையோ பத்து வைத்தார். வைக்கோல் போர் ஒருமுறை பற்றியது, அவருடைய லுங்கி பலமுறை பற்றியது. இரும்பு மட்டும்தான் பற்றவில்லை. அறுந்துபோனதைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினால் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கட்டைவிரலால் தேய்ப்பார். நகத்தால் சுரண்டுவார். பிறகு, இனி நம் கையில் இல்லை என்று சொல்லும் வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்.

“பத்துல குத்தமில்லீங்க. இரும்பு செரியில்லைங்க.”

பதினோரு வருஷத்தில் வேறு காரணம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. எந்த ஊரில் எந்த ஆலையில் உருக்கின இரும்பானாலும், எங்கள் மாமா கைக்கு வந்து சேர்ந்தவுடன் அது சரியில்லாத இரும்பாகிவிடும். கடைசியில் அந்த இரும்பினால் ஒருவருடைய கால் போனது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவர் தானே செய்த வெல்டிங் மிசினைப் பற்றிச் சொல்லாமல் அது விளங்காது.

எங்கள் பேச்சில் ‘ங்க’ இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, என்ன மரியாதை என்று மெச்சிக்கொள்வார்கள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டே ஒருவரைக் காலில் போட்டு மிதிக்க எங்களுக்குத் தெரியும். “ஏனுங் மாமா, சாப்பிட்டாச்சுங்களா?” என்று நான் கேட்டால், இன்றைக்கும் இங்கேதானா என்று அர்த்தம். அவருக்கும் அது தெரியும். “ஆச்சுங் மாப்ள” என்று சொல்லிக்கொண்டே தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. அப்பா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தோட்டம் முழுக்க என் தலையில் விழுந்து, எதைத் தொட்டாலும் எரிச்சல் வருகிற காலம். “என்ற தம்பி ஒருத்தன் கரண்டு வேல தெரிஞ்சவன் இருக்கறான் சாமி. சோறு போட்டாப் போதும்” என்று அம்மாதான் ஆள் விட்டாள். வந்தவர் மோட்டாரைக் கழற்றினார். கழற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அரை நாளில் மோட்டார் ஒரு சாக்கின்மேல் முப்பது துண்டாகக் கிடந்தது. திரும்பப் பூட்டுவதற்கு ஐந்து நாள் ஆனது. பூட்டி ஓடவிட்டபோது ஓடத்தான் செய்தது. ஆனால் சாக்கின்மேல் இன்னும் ஏழெட்டுச் சாமான் மிச்சம் கிடந்தது.

“இதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா கனத்துக்குப் போட்டு வெச்சதுங் மாப்ள” என்று சொல்லி, எல்லாவற்றையும் துண்டில் முடிந்துகொண்டார். இரண்டாம் மாதம் மோட்டார் மறுபடி எரிந்தது. அதைப் பார்ப்பதற்காக அவர் தங்க வேண்டியதாயிற்று.

அவருக்குப் பெண்டாட்டி உண்டு. ராசிபுரத்துப் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தார். ஒரு விசேஷத்தில் அந்த அம்மாளைப் பார்த்தபோது, ஏன் சேர்ந்து இருக்கவில்லை என்று என் அம்மா மெதுவாகக் கேட்டாள். “ஊட்டுல இருக்கற எல்லாத்தையும் கழட்டிப்போட்டாருங்க. தாலி ஒண்ணுதான் பாக்கி. அதுக்கு முந்தி வந்துட்டேன்” என்றார் அந்த அம்மாள். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகையாகத் தோன்றவில்லை.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஒரு நாள் முழுக்க நின்று வெல்டிங் வேலையைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. “அந்தப் பொட்டிக்குள்ள என்னங் மாப்ள இருக்குது? இரும்பும் செம்பும். ரெண்டும் நம்மூருல இல்லீங்களா?” என்றார். இருந்தது. ஆனால் அதெல்லாம் மற்றவர்கள் வீட்டு ரேடியோவுக்குள்ளும் ஃபேனுக்குள்ளும் இருந்தது. அதையெல்லாம் வெளியே கொண்டுவர அவர் கண்டுபிடித்த ஒரே வார்த்தை, “பாத்துத் தாரனுங்க.”

டூரிங் டாக்கீஸில் எரிந்து மூலையில் கிடந்த பெரிய ஸ்டெபிலைசரைப் பார்த்துத் தருவதாக வாங்கி வந்தார். உள்ளே இருந்த இரும்புத் தகட்டு அடுக்குதான் மிசினுக்கு அஸ்திவாரம். செம்புக்கம்பி, ஊரில் எரிந்துபோன மோட்டார்களுடையது. எங்களுடையதும் அதில் உண்டு. கம்பியும் கம்பியும் தொடாமல் இருக்க நடுவே சுற்றத் துணி வேண்டியிருந்தது. அலமாரியிலிருந்து என் அப்பாவின் நல்ல வேட்டி ஒன்றை எடுத்து நாடா நாடாவாகக் கிழித்து வார்னிஷில் நனைத்துச் சுற்றிவிட்டார். நான் கண்டுபிடித்துக் கத்தியபோது, “காட்டன் துணிதானுங் சூடு தாங்கும்” என்று நிதானமாகப் பதில் சொன்னார். என்னால் அன்றைக்குச் சோறு தின்ன முடியவில்லை.

வெல்டிங் குச்சியைப் பிடிக்கிற இடுக்கிக்கு அம்மாவின் இஸ்திரிப் பெட்டியிலிருந்து மரக் கைப்பிடி. சூடு தணிக்க, யாரோ கல்யாணத்துக்கு வாங்கின டேபிள் ஃபேன். மூன்று இறக்கையில் ஒன்று இல்லாததால் அது ஓடும்போது மிசினே தலையாட்டும். மேல்மூடிக்கு மளிகைக் கடை பிஸ்கட் டின். கரண்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வைத்திருந்தார். அந்தத் திருகும் அதன் பின்னால் இருந்த கண்ணாடியும் முள்ளும் பள்ளிக்கூட வாத்தியாரின் ரேடியோவிலிருந்து வந்தவை. ஊர்ப் பெயரெல்லாம் அப்படியே இருந்தது. கனத்த இரும்பு என்றால் முள்ளை டில்லியில் வைப்பார். மெல்லிய தகடு என்றால் சிலோன். “சிலோன்ல வெச்சும் ஓட்ட உழுந்துபோச்சுங்க, இரும்பு செரியில்லை” என்று அவர் சொல்வதைக் கேட்டவர்கள் எங்கள் ஊரில் இன்றும் இருக்கிறார்கள்.

இதைச் செய்து முடிக்க இரண்டு வருஷம் ஆனது. முதன்முதலில் ஓடவிட்ட அன்று குச்சியை இரும்பில் தொட்டார். டமார் என்று ஒரு சத்தம். ரோட்டோரத்து டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போய், ஊரே இரண்டு நாள் கரண்டு இல்லாமல் கிடந்தது. சைக்கிளில் வந்த லைன்மேன் எங்கள் மோட்டார் ரூமுக்குள் எட்டிப் பார்த்தார்.

“இது என்னதுங்க?”

“நம்ம தயாரிப்புங்க” என்றார் மாமா. பிள்ளை பெற்றவர் மாதிரி நின்றார்.

“நான் இதைப் பாக்கலீங்க. ஆராச்சும் கேட்டா, நான் இந்தப் பக்கம் வரவே இல்லீன்னு சொல்லிப்போடுங்க” என்று சொல்லிவிட்டு லைன்மேன் சைக்கிளைத் திருப்பினார்.

பிறகு கம்பியை மாற்றிச் சுற்றி ஏதோ செய்ததில் ஊரின் ஃபியூஸ் தப்பியது. ஆனால் அவர் குச்சியைத் தொடும்போதெல்லாம் எங்கள் வீட்டு பல்பு சிவந்து சுருங்கும். ரேடியோ இருந்த வீடுகளில் ரேடியோ கரகரக்கும். அரிசி களைந்துகொண்டிருக்கும் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பத்தறான்” என்பாள். அவர் குச்சியை எடுத்ததும் பல்பு பிரகாசமாகும். அப்படி ஒரு நாளைக்கு நூறு தடவை.

கண்ணுக்குப் பட்டறைக்காரர்கள் வைத்துக்கொள்கிற கறுப்புக் கண்ணாடி வாங்க அவருக்கு மனம் வரவில்லை. யாரோ குப்பையில் போட்ட எக்ஸ்ரே பிலிம்களை மூன்று மடிப்பாகத் தைத்து அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். முகம் தெரியாத ஒருவருடைய நெஞ்செலும்பு வழியாகத்தான் அவர் நெருப்பைப் பார்ப்பார். அது போதாமல் கண் வீங்கிச் சிவந்து நீர் கொட்டும். அதற்கு மருந்து தாய்ப்பால் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு சங்கை எடுத்துக்கொண்டு, ஊரில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறதோ அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். ஐம்பது வயது மனுஷன், கண்ணை மூடிக்கொண்டு, “ஒரு சொட்டுப் போதுமுங்க அம்மிணி” என்று கேட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும்? அந்த வீட்டு ஆண்கள் என்னைச் சந்தையில் பார்க்கும்போது, “உங்க மாமனுக்குக் கண்ணு தேவலீங்களா?” என்று விசாரிப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

அவர் செய்த வேலைகளில் இரண்டைச் சொன்னால் போதும். பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குச் சீதனமாக இரும்புக் கட்டில் வந்தது. கால் ஒன்று ஆடியது. மாமா பத்தவைத்தார். கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் மாப்பிள்ளை நொண்டிக்கொண்டு வெளியே வந்தார், கட்டில் மூன்று காலில் வந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். மாமா அந்த நாலாவது காலை வாங்கித் தேய்த்து, சுரண்டி, தன் வழக்கமான தீர்ப்பைச் சொன்னார். மற்றது வாத்தியாருடைய சைக்கிள் கேரியர். அது நடுரோட்டில் அறுந்து சக்கரத்தில் மாட்டியதில் வாத்தியார் குப்புற விழுந்தார். முதலில் ரேடியோ போனது, பிறகு முன்பல்லும் போனது. ஆனாலும் வாத்தியார் நல்ல மனுஷர். மாமாவைக் கண்டால் ரோட்டின் மறுபக்கம் போய்விடுவதோடு நிறுத்திக்கொண்டார்.

மாமாவிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு அதிகம் எரிச்சல் வரும். வேலை செய்து கொடுத்த ஆளை எங்கே பார்த்தாலும், கோயிலோ சாவு வீடோ, கிட்டே போய்த் தணிந்த குரலில், “பத்து நிக்குதுங்களா?” என்று கேட்பார். அவர்களும், உடைந்துபோன சாமானை மாட்டுத் தொழுவத்தில் எறிந்துவிட்டு வந்தவர்கள், “நிக்குதுங்க, நல்லா நிக்குது” என்று பல்லை இளிப்பார்கள். அவர் முகம் மலர்ந்துபோகும். பொய்யென்று தெரியாமல் மலர்கிறதா, தெரிந்தேவா என்று நான் கண்டுபிடித்ததில்லை. ஒரே ஒரு பத்து நின்றால் போதும் என்று அலைகிற ஆளாகத்தான் பட்டார். அதற்காக ஊரிலுள்ள இரும்பையெல்லாம் கெடுக்க வேண்டுமா?

மூன்று நாலு வருஷத்தில் ஊருக்குப் புத்தி வந்துவிட்டது. தான் படுக்கிற கட்டிலை, தான் ஓட்டுகிற சைக்கிளை யாரும் அவரிடம் கொடுப்பதில்லை. அதெல்லாம் சேந்தமங்கலத்துப் பட்டறைக்குப் போகும். கூலியாள் பிடிக்கிற மண்வெட்டி, பண்ணையாள் ஏறுகிற ஏணி, இந்த மாதிரிச் சாமான்கள் மாமாவிடம் வரும். அறுந்தால் விழுகிறவர் வேறு ஆள்தானே. அன்று இதை யாரும் இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை, செய்தேன்.

பிறகு மழை இரண்டு வருஷம் பொய்த்தது. கிணற்றில் தண்ணீர் பாறையோடு ஒட்டிக்கொண்டது. மஞ்சள் ஐந்து மாதப் பயிராக நின்றது. இன்னும் பதினைந்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் அவ்வளவுதான், அந்த வருஷம் நான் போட்ட வெள்ளாமை மொத்தமும் கருகும். வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர் ஏற்கெனவே கிணற்றை ஆழப்படுத்தத் தொடங்கியிருந்தார். நானும் தம்மம்பட்டிப் பக்கமிருந்து கிணறு வெட்டும் ஆட்கள் எட்டுப் பேரைக் கூட்டி வந்தேன். மேஸ்திரி ஒருவர். கிணற்றோரம் கிரேனை நிறுத்தி, ஆயில் இன்ஜின் வைத்து, கம்பிக் கயிற்றில் பெரிய இரும்புப் பக்கெட்டை இறக்குவார்கள். உடைத்த கல் அதில்தான் மேலே வரும். ஆட்கள் இறங்குவதும் ஏறுவதும் அதில்தான். செல்லமுத்து என்று ஒருவர், முப்பது வயதிருக்கும், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். கீழே நின்று பக்கெட்டை நிரப்புவது அவர் வேலை. நிரம்பியதும் பஸ் கண்டக்டர் மாதிரி “போலாம் ரைட்” என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் கிணற்றுக்குள் சுற்றி மேலே வரும்போது எங்கள் எல்லோருக்கும் சிரிப்பாக இருக்கும்.

ஆறாம் நாள் அவர்களுடைய பக்கெட்டின் அடி கழன்றுவிட்டது. ஊரெல்லாம் கிணறு வெட்டிக்கொண்டிருந்ததால் சேந்தமங்கலத்துப் பட்டறையில் வேலை குவிந்து கிடந்தது. நாலு நாள் ஆகும் என்றார்கள். நாலு நாள் என்றால் எனக்கு உயிர் போகிற மாதிரி இருந்தது. தொழுவத்தில் அப்பா காலத்துப் பக்கெட் ஒன்று கிடந்தது. பத்து வருஷமாக அதில் மாட்டுக்குப் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டிருந்தோம். கைப்பிடி மாட்டுகிற காது ஒன்று மட்டும் அறுந்திருந்தது. இரண்டு ஆளை விட்டுத் தூக்கிவந்து மாமாவின் முன்னால் போட்டேன்.

கட்டைவிரலால் தேய்த்தார். நகத்தால் சுரண்டினார். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. சுத்தியலால் மெல்லத் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

“இரும்பு செரியில்லைங்க” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். “எப்பவும் அறுந்த பொறவுதானுங் மாமா சொல்லுவீங்க? இன்னைக்கு முன்னாலயே சொல்றீங்க?”

“வெளையாட்டில்லீங் மாப்ள. துரு தின்னுபோட்டுது. தகடு காயிதமாட்ட இருக்குது. நான் காதப் பத்த வெச்சாலும், அது எதப் புடிச்சுக்கிட்டு நிக்கும்? ஆளு தலைக்கு மேல போற சாமானுங்க. நாலு நாளானாலும் சேந்தமங்கலத்துலயே குடுத்துருங்க.”

“நேத்து வரைக்கும் தண்ணி நின்னுதுங்களே இதுல?”

“தண்ணி நிக்குமுங்க. கல்லு நிக்காது.”

மேஸ்திரியும் ஆட்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முன்னால் இந்த மனுஷன் எனக்கு மறுப்புச் சொல்வது என்னால் தாங்க முடியவில்லை. குரலை உயர்த்தவில்லை. எங்கள் பக்கத்து மரியாதையோடுதான் கேட்டேன்.

“பதினோரு வருசமா இந்த ஊட்டுச் சோறு செரியா இருந்துச்சுங்களே மாமா? அதுல ஒரு நாளும் குத்தம் சொல்லலீங்களே?”

அவர் என்னைப் பார்த்தார். அம்மா சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமா போய் எக்ஸ்ரே அட்டையை எடுத்துவந்தார். வழக்கமாக அரை மணி நேரத்தில் முடிக்கிறவர், அன்று மத்தியானம் வரைக்கும் செய்தார். முள்ளை டில்லிக்கும் சிலோனுக்கும் நடுவே வைத்து, ஒவ்வொரு விரற்கடையாக வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டு பல்பு அன்று முழுக்கச் சிவந்துகொண்டே இருந்தது.

பக்கெட்டைக் கயிற்றில் மாட்டும் முன் மேஸ்திரி என்னிடம், “இது நல்லா இருக்குமாங்க? கீழ ஆளுங்க நிக்கிறாங்க” என்று கேட்டார்.

“எங்க மாமா வெச்ச பத்துங்க. நிக்கும்” என்றேன். அந்தப் பதினோரு வருஷத்தில் அவருடைய வேலையை நான் மெச்சியது அது ஒருமுறைதான்.

இரண்டு நாள் நின்றது. அந்த இரண்டு நாளும் மாமா கிணற்றோரத்தைவிட்டு நகரவில்லை. ஒவ்வொரு தடவை பக்கெட் மேலே வரும்போதும் கழுத்தை நீட்டி அந்தக் காதைப் பார்ப்பார். யாரிடமும், “நிக்குதுங்களா?” என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், செல்லமுத்துவின் “போலாம் ரைட்” வந்தது. பக்கெட் ஏறிக்கொண்டிருந்தது. முக்கால் கிணறு ஏறியிருக்கும். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பக்கெட் ஒரு பக்கம் சாய்ந்தது. மற்றக் காது பாரம் தாங்காமல் வளைந்து கைப்பிடி கழன்று, கல்லும் பக்கெட்டுமாகக் கீழே போயின. சத்தம் கேட்டதும் செல்லமுத்து பாறைப் பக்கம் தாவியிருக்கிறார். உடம்பு தப்பியது, இடது கால் தப்பவில்லை.

எல்லோரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். மேலே கயிற்றின் கொக்கியில் வெறும் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது. மாமா ஒரு கழியால் அதை இழுத்துக் கையில் பிடித்தார். நான் பக்கத்தில் இருந்தேன். கைப்பிடியில் காது இருந்தது. காதில் பத்து அப்படியே இருந்தது. பத்தைச் சுற்றி ஒரு கையகலத்துக்குப் பக்கெட்டின் தகடு கிழிந்து கூடவே வந்திருந்தது. மாமா கட்டைவிரலால் பத்தைத் தேய்த்தார்.

“பத்து நிக்குதுங் மாப்ள” என்றார்.

கீழே ஒரு மனிதன் அலறிக்கொண்டிருக்கிறார். இவர் முகத்தில் ஒரு நொடி சந்தோஷம் வந்துபோனது. நான் அதைப் பார்த்தேன். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கிழிந்த தகட்டையும் பார்த்தார். காதைக் கைப்பிடியிலிருந்து கழற்றித் தன் துண்டில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். கழற்றுவதற்கு அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

செல்லமுத்துவைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து மேலே ஏற்றினோம். ரோட்டில் கிழங்கு ஏற்றிப் போன லாரியை நான்தான் குறுக்கே நின்று நிறுத்தினேன். சேலத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை மேஸ்திரியும் ஆட்களும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். உள்ளூர் ஆட்களும் கூடிவிட்டார்கள்.

“குத்தம் இரும்புலயாங்க, பத்துலயாங்க? எனக்கு அது தெரியணும். ரெண்டு பொட்டப் புள்ளைங்களுக்கு நான் பதில் சொல்லணும்” என்றார் மேஸ்திரி.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் என்ன சொல்வார் என்று ஊருக்கே தெரியும். அந்த நேரத்திலும் ஒன்றிரண்டு பேர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். பதினோரு வருஷமாகப் பொய்யாக இருந்த அந்த வார்த்தை, அன்றைக்குச் சொன்னால் உண்மை. இரும்பு என்னுடையது. சரியில்லை என்று அவர் முன்னாலேயே சொன்னதற்கு மேஸ்திரியே சாட்சி. மாமா வாயைத் திறந்தால் போதும்.

“இரும்புல குத்தமில்லீங்க” என்றார் மாமா. “நல்ல இரும்புங்க. நான்தான் அன்னைக்குச் சோம்பேறித்தனத்துல வாய்க்கு வந்ததச் சொன்னேன். என்ற பத்துதான் உட்டுப்போச்சு.”

“அந்தக் காது எங்க?”

“கெணத்துக்குள்ள போயிருச்சுங்க.”

அவர் இடுப்பில் துண்டு புடைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. மேஸ்திரி அவரை ஓங்கி அறைந்தார். இரண்டாம் அறையும் விழுந்தது. யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. தடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

அன்றைக்கே கிளம்பிவிட்டார். அம்மா தட்டு வைத்தாள், உட்காரவில்லை. “வாரேனுங்க்கா” என்று அவளிடம் சொன்னார். என்னிடம், “மிசின் கெடக்கட்டுங் மாப்ள, ஆராச்சும் கேட்டாக் குடுத்துருங்க” என்றார். நான், “செரிங்க மாமா, பாத்துப் போங்க” என்றேன். அதிலும் ‘ங்க’ குறையவில்லை. வாசலில் குற்றத்தைத் தன் பத்தின்மேல் போட்டுக்கொண்டது பயத்திலா, பதினோரு வருஷச் சோற்றுக்காகவா, அக்காவின் மகன் என்பதாலா, தெரியாது. நான் கேட்கவில்லை. அம்மாவும் அதற்குப் பிறகு அந்தப் பக்கெட்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பல்பு மங்கும்போது மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

சேந்தமங்கலத்துப் பட்டறையில் பக்கெட் வாங்கி வந்து வேறு ஆட்களை வைத்து வெட்டினேன். இன்னும் நாலடி போனதும் தண்ணீர் வந்தது. மஞ்சள் பிழைத்துக்கொண்டது. மிசினை யாரும் கேட்கவில்லை. மோட்டார் ரூமில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்ததைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிப் போட்டேன். உள்ளே பிரித்தபோது அப்பாவின் வேட்டிக் கரை கருகாமல் இருந்தது. காட்டன் துணி சூடு தாங்கும் என்று அவர் சொன்னது அந்த ஒன்றில் சரிதான்.

அவர் எங்கே போனார், எப்போது இறந்தார் என்று விசாரித்ததில்லை. அவருடைய கதைகளை மட்டும் விடாமல் சொல்லிவருகிறேன். கட்டில் கதை, வாத்தியார் பல், சிலோனில் ஓட்டை விழுந்தது. சொந்தபந்தம், உறம்பரை வீடுகளில் என்னைப் பார்த்தாலே அதைச் சொல்லச் சொல்வார்கள். நன்றாகச் சொல்வேன். பக்கெட் வரும் இடத்தில் நிறுத்திக்கொள்வேன்.

சில வருஷம் கழித்து சேந்தமங்கலத்துச் சந்தையில் செல்லமுத்துவைப் பார்த்தேன். கட்டையை ஊன்றிக்கொண்டு ஒரு சாக்கு விரிப்பில் மிளகாய் விற்றுக்கொண்டிருந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார். கையெடுத்துக் கும்பிட்டார்.

“நல்லா இருக்கீங்களாங்க? நீங்க அன்னைக்கு லாரிய நிறுத்தி ஏத்தி விடலேன்னா நான் இல்லீங்க. எம் பொண்ணுங்ககிட்ட இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்றார். பிறகு, “அந்த ஆளு இருக்காருங்களா?” என்று கேட்டார்.

“தெரியலீங்க. எங்கியோ போயிட்டாருங்க.”

அவர் மிளகாயை இரண்டு கையாலும் கூட்டிக் குவித்தார். “பத்த வைக்கத் தெரியாத மனுஷன் எதுக்குங்க பத்த வைக்கணும்?” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.